ரஷ்ஷுக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று பிள்ளை கேட்டால்: சொராரிட்டி, ஃப்ரெட்டர்னிட்டி பற்றி ஒரு விவாத இழை

டாலஸ் அம்மா | 14 ஜூன் 2025

மகள் ஆகஸ்டில் அலபாமா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்கிறாள். வகுப்பு தொடங்கும் முன்பே சொராரிட்டி எனப்படும் மாணவியர் சங்கங்கள் ஆள் சேர்க்கும் ரஷ் நடக்குமாம், பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்கிறாள். வீட்டுக்காரர் "குடியும் கூத்துமா இருக்கும், வேண்டவே வேண்டாம்" என்கிறார். அவளோ "பின்னாடி வேலைக்கு ஆள் பழக்கம் கிடைக்கும்மா" என்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் இந்த உலகம் தெரியாது. சேரலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

வைகை | 14 ஜூன்

ஒரே வார்த்தையில் சொன்னால் அது தப்பாகத்தான் போய் முடியும். எந்தப் பல்கலை, எந்த சாப்டர் (ஒரு சங்கத்துக்கு அந்தப் பல்கலையில் இருக்கும் கிளை), இந்த வருஷம் அதை நடத்துபவர்கள் யார் என்ற மூன்றும் தெரிந்தால்தான் பேசவே முடியும். ஒரே கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்திருக்கும் சாப்டர் ஓர் ஊரில் படிப்பிலும் சேவையிலும் நல்ல பெயரோடு இருக்கும். அடுத்த மாநிலத்தில் அதே எழுத்துகள் ஹேசிங் (புதிதாகச் சேர்பவர்களைத் துன்புறுத்துவது) புகாரில் மூடிக் கிடக்கும். நான்கு வருஷத்தில் உறுப்பினர் மொத்தமும் மாறிவிடுவதால், பத்து வருஷம் முன்பு படித்த உறவுக்காரர் சொல்லும் நல்லதும் கெட்டதும் இன்றைக்கு அதிகம் உதவாது.

முதலில் எந்த வகை என்று பாருங்கள். பெண்களுக்கு தேசிய பான்ஹெலெனிக் மாநாட்டில் 26 சொராரிட்டிகள். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஐஎஃப்சி என்ற கூட்டமைப்பின் கீழ் வரும் ஃப்ரெட்டர்னிட்டிகள், அதாவது மாணவர் சங்கங்கள். "டிவைன் நைன்" எனப்படுபவை கறுப்பின மாணவர்கள் தொடங்கிய ஒன்பது அமைப்புகள். இவை தவிர லத்தீன், ஆசிய, தெற்காசியப் பண்பாட்டு அமைப்புகள். ஆள் சேர்க்கும் முறை, செலவு, ஆபத்து எல்லாமே இந்த நான்கிலும் வேறு வேறு. டிக்டாக்கில் 2021இலிருந்து ஓடும் "பாமா ரஷ்" காட்சிகள் முதல் வகையின் ஒரே ஒரு ஊர் மட்டும்தான்.

வைகை | 14 ஜூன், இரவு

விட்டுப்போன ஒன்று. பிசினஸ் மாணவர்களுக்கான டெல்டா சிக்மா பை, ஆல்ஃபா காப்பா சை, பொறியியலுக்கான தீட்டா டாவ், சேவைக்கான ஆல்ஃபா ஃபை ஒமேகா ஆகியவற்றுக்கும் கிரேக்கப் பெயர்தான். ஆனால் இவை ஆண், பெண் இருவரையும் சேர்ப்பவை. பெரும்பாலும் வீடு வாடகை கிடையாது, செலவும் குறைவு. "ஆள் பழக்கம்" மட்டும்தான் நோக்கம் என்றால் முதலில் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சில பல்கலைகளில் பிசினஸ் ஃப்ரெட்டர்னிட்டிக்கு இரண்டு மூன்று சுற்று நேர்காணல் உண்டு. அந்தப் பயிற்சியே இன்டர்ன்ஷிப் நேர்காணலுக்கு உதவும்.

தாமிரபரணி | 15 ஜூன்

ஃபை பீட்டா காப்பா என்று கடிதம் வந்தால் அதுவும் இதே கூட்டமா?

வைகை | 15 ஜூன்

இல்லை. 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கி, பின்னாளில் படிப்பில் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் சங்கமாக மாறியது அது. பொறியியலில் டாவ் பீட்டா பை அதே போல. அந்தக் கடிதம் வந்தால் சந்தோஷமாகச் சேரலாம். ஆனால் "உங்கள் பிள்ளையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், பணம் கட்டுங்கள்" என்று முன்பின் கேள்விப்படாத ஹானர் சொசைட்டி பெயரில் மின்னஞ்சல் வந்தால் கட்டிவிடாதீர்கள். அந்தப் பல்கலையின் டீன் அலுவலகப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா, அங்கே அதற்கு ஒரு பேராசிரியர் பொறுப்பாளராக இருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

வைகை | 18 ஜூன்

டாலஸ் அம்மாவின் மகளுக்காக, 26 சொராரிட்டிகளும் ஆள் எடுக்கும் முறையைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். இது தெரியாததால்தான் அந்த வாரத்தில் அவ்வளவு கண்ணீர்.

பெரிய பல்கலைகளில் சுமார் ஒரு வாரம் நடக்கும். முதல் சுற்றில் எல்லா வீடுகளையும் (சாப்டர்களை அப்படித்தான் சொல்வார்கள்) கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பிறகு அவர்கள் செய்யும் அறப்பணி பற்றி ஒரு சுற்று, வீட்டுக்குள் வாழ்க்கை பற்றி ஒரு சுற்று, கடைசியாக பிரிஃபரன்ஸ் என்ற இறுதிச் சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மாணவி வீடுகளை வரிசைப்படுத்துவாள், வீடுகளும் மாணவிகளை வரிசைப்படுத்தும். கணினி இரண்டையும் பொருத்தும்.

ஒரு வீடு ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை பேரை மறுபடி அழைக்கலாம் என்பது முந்தைய வருஷங்களின் கணக்கை வைத்து முன்கூட்டியே முடிவாகிவிடும். யாரை அழைத்தாலும் ஓடி வருவார்கள் என்ற நிலையில் இருக்கும் வீடு முதல் சுற்றிலேயே பெருங்கூட்டத்தைக் கழித்தாக வேண்டும். இரண்டாம் நாள் காலையில் மகளுக்குப் பிடித்த நான்கு வீடும் பட்டியலில் இல்லை என்றால் அதில் பெரும்பங்கு இந்தக் கணக்கு. அவள் பேச்சும் உடையும் நிறமும்தான் காரணம் என்று அவள் எடுத்துக்கொள்வாள். அந்த ஃபோன் வரும்போது இந்தக் கணக்கை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். பள்ளி ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) ஒரு வரம்புக்குக் கீழே இருந்தாலும் பல வீடுகள் ஆளைப் பார்க்காமலே கழித்துவிடும்.

கடைசிச் சுற்று முடிந்த கையோடு ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். மகள் அசதியில் இருப்பாள், படிக்காமல் போட்டுவிடுவாள். அதன் சாரம் இவ்வளவுதான்: நீ எழுதிக்கொடுத்த வீடுகளில் ஒன்று உன்னை எடுத்து, நீ வேண்டாமென்றால், அந்தப் பல்கலையில் 26இல் எதிலும் அடுத்த வருஷ ரஷ் வரை சேர முடியாது. அதனால் அழைத்தால் உண்மையிலேயே போவேன் என்கிற வீடுகளை மட்டும் எழுத வேண்டும். மறுபக்கம், ஒரே ஒரு வீட்டை மட்டும் எழுதிக் கொடுப்பதும் ஆபத்து. அது கிடைக்காவிட்டால் கையில் ஒன்றுமே இருக்காது. அழைத்த எல்லாச் சுற்றுக்கும் போய், கடைசியில் அழைத்த எல்லா வீட்டையும் எழுதுகிற பெண்ணுக்குப் பெரும்பாலும் ஓர் இடம் கிடைத்துவிடும்.

முழு உறுப்பினராகச் சடங்கு முடிந்துவிட்டால் பிறகு மனசு மாறினாலும் 26இல் வேறொன்றில் வாழ்நாள் முழுக்கச் சேர முடியாது. பல்கலை மாறினாலும் இதே விதிதான்.

டாலஸ் அம்மா | 18 ஜூன்

நாங்கள் யாரும் அங்கே படிக்கவில்லை. "அம்மா எந்த சொராரிட்டி" என்று கேட்டால் பிள்ளை என்ன சொல்வாள்?

வைகை | 19 ஜூன்

ஒன்றுமில்லை என்று சொன்னால் போதும். அம்மா, அக்கா இருந்தால் முன்னுரிமை என்ற விதியை 2020க்குப் பிறகு பல தேசிய அமைப்புகள் எடுத்துவிட்டன. பழைய உறுப்பினரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கும் கட்டாயமும் பல இடங்களில் போய்விட்டது. ஆனால் தெற்கு மாநிலங்களில் அந்தப் பழக்கம் பேச்சளவில் இன்னும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு நிஜமான பின்னடைவு அதில் இல்லை, வேறு இடத்தில். அந்த ஊர்ப் பெண்கள் உள்ளே போகும்போதே பாதிப் பேரைப் பள்ளியில் தெரிந்து வைத்திருப்பார்கள், நம் பிள்ளை யாரையும் தெரியாமல் போகும். அதற்கு ஒரே வழி, பேச்சு. "எந்த ஊர், என்ன பாடம்" என்பதைத் தாண்டி எதைப் பற்றி ஐந்து நிமிஷம் உற்சாகமாகப் பேச முடியும் என்று அவள் யோசித்து வைத்துக்கொள்ளட்டும். அது பரதமாக இருந்தாலும் சரி, ரோபாட்டிக்ஸாக இருந்தாலும் சரி.

கொள்ளிடம் | 23 ஜூன்

சாப்டர் கணக்குப் பார்த்த அளவில் பண விஷயம் சொல்கிறேன். "ஒரு செமஸ்டருக்கு டியூஸ் (உறுப்பினர் சந்தா) எவ்வளவு" என்று கேட்டால் ஓர் எண் சொல்வார்கள். அந்த எண் மட்டும் போதாது. முழுப் பில்லில் வருபவை இவை:

ரஷ் பதிவுக் கட்டணம், திரும்பி வராது. புது உறுப்பினர் கட்டணம், சடங்குக் கட்டணம், பேட்ஜ்: மூன்றும் ஒரே தடவை, முதல் வருஷத்தில். அதனால் முதல் செமஸ்டர்தான் எப்போதும் பெரிய பில். பிறகு தேசியத் தலைமைக்கு, சாப்டருக்கு, வளாகக் கூட்டமைப்புக்கு என்று மூன்று பங்காகப் பிரியும் டியூஸ். வீட்டில் தங்காதவர்களுக்கும் "பார்லர் ஃபீ" என்று கட்டடப் பராமரிப்புப் பங்கு. கட்டாயக் கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம்.

பில்லில் வராதவை தனி: ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு டீ ஷர்ட், ஃபார்மல் உடை, பெற்றோர் வார இறுதிக்கு விமானச் சீட்டு, அடுத்த வருஷம் தன் பொறுப்பில் வரும் புது உறுப்பினரான "லிட்டில்"க்கு வாங்கித் தரும் பரிசுக் கூடை. வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் இவை டியூஸை எட்டிப் பிடிக்கும் அளவுக்குப் போகலாம்.

வீடே இல்லாத சிறிய அமைப்பில் செமஸ்டருக்குச் சில நூறு டாலரில் முடியும். தெற்கில் பெரிய வீடு என்றால் பல ஆயிரம். சராசரியை விட்டுவிட்டு அந்த சாப்டரின் "புது உறுப்பினர் நிதித் தாள்" என்ற ஒற்றைப் பக்கத்தைக் கேளுங்கள். நல்ல சாப்டர் கேட்டவுடன் தரும். மழுப்பினால் அதுவே ஒரு பதில்.

கொள்ளிடம் | 23 ஜூன்

சாப்பாட்டுப் பணமும் வாடகையும் மாட்டிக்கொள்ளும் இடங்கள். முதலாண்டுக்குப் பல்கலை மீல் பிளான் கட்டாயம் என்றால் சொராரிட்டி வீட்டு மதியச் சாப்பாட்டுக்கும் சேர்த்து இரண்டு தடவை கட்டுவீர்கள். சொராரிட்டிக்காரர்களுக்குக் குறைந்த மீல் பிளான் உண்டா என்று பல்கலை ஹவுசிங்கில் கேளுங்கள்.

அடுத்து, இரண்டாம் வருஷம் வீட்டில் தங்கியே ஆக வேண்டும் என்ற விதி. கல்லூரி ஊர்களில் அடுத்த வருஷ அபார்ட்மென்டுக்கு அக்டோபர், நவம்பரிலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதற்கப்புறம் சாப்டரில் கட்டில் காலி, நீ வா என்பார்கள். இரண்டு வாடகை! பிட் (சேரச் சொல்லும் அழைப்பு) வாங்கிய வாரமே "எனக்கு எப்போது தங்கும் கட்டாயம் வரும், எந்தத் தேதியில் முடிவு சொல்வீர்கள்" என்று எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும். பதவிக்குத் தேர்வானாலும் தங்கும் கட்டாயம் வரும்.

529 கணக்கு (படிப்புச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) வைத்திருப்பவர்களுக்கு: பிள்ளை குறைந்தது பாதி நேர மாணவராக இருந்தால், சாப்டர் வீட்டு வாடகையையும் சாப்பாட்டையும் பல்கலை அறிவித்த தங்கும் செலவு வரம்புக்குள் 529இலிருந்து எடுக்கலாம். டியூஸ், பேட்ஜ், ஃபார்மல் எதையும் எடுக்க முடியாது. அதனால் பில்லைப் பிரித்துக் கேட்டு வாங்குங்கள்.

தாமிரபரணி | 30 ஜூன்

பையனுக்குப் பேசுவோம். ஹேசிங் என்றால் நம்மூர் ராகிங்தானே? நாங்களும் அதைத் தாண்டித்தானே வந்தோம்.

வைகை | 1 ஜூலை

இரண்டும் ஒன்றில்லை, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997இலேயே வந்தது ஏன் என்பது நமக்கெல்லாம் தெரியும். ராகிங்கில் சீனியர் யாரையும் பிடிப்பான், ஜூனியர் தப்பிக்கப் பார்ப்பான். ஹேசிங்கில் பையன் தானே நடந்து போய் நிற்கிறான். உள்ளே சேர்வதற்கான விலை அது என்று நம்புகிறான். அதனால் வெளியே சொல்ல மாட்டான், ஓட மாட்டான், கூட நிற்பவனுக்காகவும் பொறுத்துக்கொள்வான். பல மாநிலங்களில் "அவனே சம்மதித்தான்" என்பது சட்டத்தில் தற்காப்பு ஆகாது. பென்சில்வேனியாவில் 2018இலும் ஓஹையோவில் 2021இலும் மாணவர்கள் இறந்த பிறகு கடுமையான சட்டங்கள் வந்தன.

ஆபத்து எப்போது என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்த விஷயம். பிட் வாங்கிய இரவு, "பிக்-லிட்டில்" இரவு, சடங்குக்கு முந்தைய வாரம். பிக்-லிட்டில் என்பது புது உறுப்பினருக்கு ஒரு சீனியரை "அண்ணன்" ஆக்கும் நிகழ்ச்சி. 2021இல் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலையிலும் ஓஹையோவின் பௌலிங் கிரீனிலும் சில நாள் இடைவெளியில் இரண்டு மாணவர்கள் இறந்தது இந்த மாதிரி இரவுகளில்தான், கையில் கொடுத்த மது பாட்டிலால். பையனிடம் தேதியைக் கேட்டு வையுங்கள். "உன் பிக்-லிட்டில் என்றைக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டால் சொல்வான். அன்றிரவு வண்டியும் ஃபோன் சார்ஜும் கூட நம்பகமான ஒரு நண்பனும் இருக்கிறார்களா என்று பேசி வையுங்கள்.

நெய்தல் | 2 ஜூலை

மாணவர் ஒழுங்கு அலுவலகப் பக்கத்திலிருந்து: பெற்றோர் கவனிக்கக்கூடிய அறிகுறிகள் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். இரவு இரண்டு மணிக்கு யாரையோ காரில் கூட்டிவரப் போகிறான். எப்போதும் ஒரே பொருளைப் பையில் சுமக்கிறான். சில இரவுகளில் ஃபோன் முழுக்க அணைந்திருக்கிறது, கேட்டால் "அதைச் சொல்லக் கூடாது". தூக்கம் இல்லை. கிரெடிட் கார்டில் மதுக்கடை, மளிகைக்கடைச் செலவு திடீரென்று ஏறுகிறது. உறுப்பினர் பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்வது மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

பெயர் சொல்லாமல் புகார் தர தேசிய ஹேசிங் தடுப்பு எண் 1-888-668-4293. பெற்றோரும் அழைக்கலாம்.

டாலஸ் அம்மா | 2 ஜூலை

சொராரிட்டி வீட்டில் மது கிடையாது என்கிறார்கள். அப்படியென்றால் பெண்களுக்கு இந்தப் பயம் இல்லைதானே?

வைகை | 3 ஜூலை

26 சொராரிட்டி வீடுகளிலும் மதுவுக்கு அனுமதி இல்லை என்பது நிஜம். அதனாலேயே பார்ட்டி ஃப்ரெட்டர்னிட்டி வீட்டில் நடக்கிறது. கதவில் யாரை விடுவது, கோப்பையில் என்ன ஊற்றுவது, திரும்பிப் போக வண்டி யார் என்பதெல்லாம் அந்த வீட்டு ஆண்கள் கையில். ஃப்ரெட்டர்னிட்டிகளின் தேசியக் கூட்டமைப்பு 2019 செப்டம்பர் 1 முதல் 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மதுவை, உரிமம் பெற்ற வெளி ஆள் பரிமாறினால் தவிர, வீடுகளில் தடை செய்தது. காகிதத்தில் நல்ல விதி. ஆனால் வளாகத்துக்கு வெளியே வாடகைக்கு எடுத்த "சாட்டிலைட்" வீட்டில் பார்ட்டி நடந்தால் அங்கே எட்டிப் பார்க்க யாரும் இல்லை. மகளிடம் சொராரிட்டியின் விதியைக் கேட்பதோடு நிறுத்தாமல், அந்த சாப்டர் எந்த ஃப்ரெட்டர்னிட்டிகளோடு சேர்ந்து நிகழ்ச்சி வைக்கிறது, குடிக்காமல் இருக்கும் உறுப்பினர் இருவராவது ஒவ்வொரு பார்ட்டிக்கும் காவலுக்குப் போகிறார்களா என்று கேட்கச் சொல்லுங்கள்.

நெய்தல் | 9 ஜூலை

மயங்கியவரை "தூங்கட்டும், காலையில் சரியாகிவிடும்" என்று விடுவதுதான் உயிரைக் குடிக்கிறது. எழுப்பினால் எழவில்லை, மயக்கத்திலேயே வாந்தி, நிமிஷத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவு அல்லது இரண்டு மூச்சுக்கு நடுவே 10 விநாடிக்கு மேல் இடைவெளி, தோல் சில்லிட்டு நீலம்: இதில் ஒன்று இருந்தாலும் 911. ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆள் கூடவே இருக்க வேண்டும். காபி, குளிர்ந்த நீர் எதுவும் உதவாது. குடித்துவிட்டு மயங்கியவருக்காக உதவிக்கு அழைத்தவரைத் தண்டிக்காமல் விடும் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. 21 வயது ஆகாத பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். போலீஸ் பயத்தில்தான் ஃபோனை எடுக்காமல் இருக்கிறார்கள்.

கொள்ளிடம் | 10 ஜூலை

எச்-4 (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்தது), எஃப்-1 (மாணவர்) விசாவில் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இதைப் படியுங்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், வழக்கு முடியும் முன்பே, கைதை மட்டும் வைத்துத் தூதரகம் விசாவை ரத்து செய்யலாம். 2015இலிருந்து நடைமுறை இது. அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை அந்தஸ்து உடனே போகாது. ஆனால் ஊருக்கு வந்தால் புது விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை வரை போக வேண்டியிருக்கும். கல்யாணத்துக்கு ஊருக்குப் போக முடியாமல் நிற்கும் நிலை வரும்.

மருத்துவம் படிக்க நினைப்பவருக்கு இன்னொன்று: மெடிக்கல் ஸ்கூல் பொது விண்ணப்பத்தில் கல்லூரி எடுத்த ஒழுங்கு நடவடிக்கை பற்றி நேரடிக் கேள்வி இருக்கிறது. சாப்டர் மொத்தத்துக்கும் வந்த தண்டனை வேறு, உங்கள் பிள்ளை பெயரில் வந்த தீர்ப்பு வேறு. விசாரணைக்குக் கூப்பிட்டால் எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வைகை | 10 ஜூலை

அதோடு இன்ஷூரன்ஸ். அமைப்பின் காப்பீடு விதி மீறியவரைப் பெரும்பாலும் காப்பாற்றாது. ஒரு பார்ட்டியில் யாருக்காவது அடிபட்டு வழக்கு வந்தால், விதி மீறிய உறுப்பினர் தனியாக நிற்பார். வக்கீல் அடுத்து தேடுவது பெற்றோரின் வீட்டுக் காப்பீட்டை. உங்கள் பாலிசியில் கல்லூரியில் தங்கியிருக்கும் பிள்ளைக்குப் பொறுப்புக் காப்பு உண்டா, எவ்வளவு வரை என்று ஏஜென்டிடம் ஆகஸ்டுக்கு முன் கேளுங்கள். பையன் சமூக நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பதவிக்கு நிற்கப்போகிறான் என்றால் இரண்டு தடவை கேளுங்கள்.

தாமிரபரணி | 21 ஜூலை

வெள்ளைக்காரக் கூட்டம் வேண்டாம், நம்மவர்கள் இருக்கும் அமைப்பில் சேர்ந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

வைகை | 22 ஜூலை

நம்மவர்கள் என்பதற்காகக் கண்ணை மூடிச் சேர்க்காதீர்கள். பிங்கம்டனில் 1994இல் தொடங்கிய அயோட்டா நூ டெல்டா, ஆஸ்டினில் 1998இல் தொடங்கிய டெல்டா எப்சிலான் சை, அதே ஆண்டு அங்கேயே பெண்களுக்குத் தொடங்கிய காப்பா ஃபை காமா எல்லாம் தெற்காசிய அமைப்புகள். செலவு குறைவு, தீபாவளி உண்டு, வீட்டுச் சாப்பாட்டு ஏக்கம் தீரும், ஊர் மாறினாலும் பழைய உறுப்பினர்கள் கைகொடுப்பார்கள். இதெல்லாம் நிஜமான நன்மை.

ஆனால் சிறிய அமைப்புகளில் புது உறுப்பினர் ஐந்தாறு பேர் ஒரு "லைன்" ஆகச் சேர்ந்து, பல வாரம் மறைவாகப் பயிற்சி எடுத்து, கடைசியில் மேடையில் வெளிப்படுவார்கள். அந்த மறைவுக் காலம்தான் கவலை. வீடு இல்லை, வீட்டைக் கவனித்துக்கொள்ளும் ஹவுஸ் மதர் இல்லை, மேற்பார்வைக்கு ஒரே ஓர் ஆலோசகர். 2013 டிசம்பரில் நியூயார்க் பாருக் கல்லூரி மாணவர் ஒருவர் பென்சில்வேனியா மலைப்பக்கம் எடுத்த வாடகை வீட்டில் இறந்தது ஓர் ஆசிய அமெரிக்க ஃப்ரெட்டர்னிட்டியில்தான். கண்ணைக் கட்டி, முதுகில் பாரம் ஏற்றி, இருட்டில் இடித்துத் தள்ளும் சடங்கு. 2018இல் நீதிமன்றம் அந்த அமைப்பையே பத்து ஆண்டுகளுக்கு மாநிலத்துக்குள் வரத் தடை செய்தது. வளாகத்துக்கு வெளியே, வேறு மாநிலத்தில், வார இறுதி "ரிட்ரீட்" என்று பையன் சொன்னால் முகவரியும் உடன் வரும் ஆலோசகர் பெயரும் கேளுங்கள்.

டாலஸ் அம்மா | 24 ஜூலை

மகள் சைவம். சடங்கில் ஜெபம் எல்லாம் இருக்குமா? மாமியார் கேட்கச் சொன்னார்.

வைகை | 24 ஜூலை

மாமியார் கேட்டது நல்ல கேள்வி. பல அமைப்புகள் 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவச் சூழலில் பிறந்தவை. சடங்கு ரகசியம் என்றாலும், "இதில் மதச் சார்பான உறுதிமொழி இருக்கிறதா, என் மதத்தோடு ஒத்துப்போகுமா" என்று சடங்குக்கு முன் தலைவியிடம் கேட்கலாம், தன்மையைச் சொல்வார்கள். சில அமைப்புகளில் உறுதிமொழியை அவரவர் நம்பிக்கைக்கேற்பச் சொல்ல வழி உண்டு.

சாப்பாட்டுக்கு: வாரத்தில் எத்தனை நாள் சமையல், சைவத்துக்குத் தனிப் பதார்த்தமா அல்லது சாலட்டும் ரொட்டியுமா, முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் தட்டு எடுத்து வைப்பார்களா என்று கேட்க வேண்டும். பீன்ஸிலும் சூப்பிலும் பன்றிக் கொழுப்போ கோழிச் சாறோ சேர்ப்பது தெற்கில் சகஜம். சமையல்காரரிடமே நேரில் கேட்டுவிடுவது நல்லது.

இழை கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை: சென்னைக்காரர் மகளான கமலா ஹாரிஸ் ஹவார்ட் பல்கலையில் படித்தபோது ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவர். 1908இல் அதே ஹவார்டில் தொடங்கிய அமைப்பு, டிவைன் நைனில் ஒன்று. அந்த ஒன்பதிலும் சேர்வது கல்லூரியோடு முடியாது, பட்டம் வாங்கிய பிறகு ஊர் ஊராக நடக்கும் சாப்டர்களில்தான் வேலை அதிகம். முதல் செமஸ்டரில் பெரும்பாலும் சேர முடியாது, கிரெடிட்டும் ஜிபிஏவும் சேவைப் பதிவும் காட்ட வேண்டும்.

வைகை | 2 ஆகஸ்ட்

படிப்பு. சாப்டர் ஜிபிஏ உயர்ந்திருப்பதைக் காட்டி மயக்குவார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு "புது உறுப்பினர் ஜிபிஏ" எண்ணைத் தேடுங்கள். பல பல்கலைகள் ஒவ்வொரு செமஸ்டரும், இந்த அமைப்புகளைக் கவனிக்கும் கிரீக் அலுவலகப் பக்கத்தில் சாப்டர் வாரியாக இரண்டையும் போடுகின்றன. சாப்டர் 3.5, புது உறுப்பினர் 2.9 என்றால் சேர்ந்த ஆறேழு வாரத்தில் பிள்ளைகளின் நேரத்தை அந்த வீடு உறிஞ்சுகிறது என்று அர்த்தம். அந்த வாரங்களும் முதல் மிட்டெர்மும் ஒன்றாக வரும்.

பொறியியல், ப்ரீமெட் பிள்ளைகளுக்கு என் எண்ணம்: முடிந்தால் முதல் செமஸ்டரைத் தனியாக ஓட்டட்டும். டார்ட்மத்தில் இரண்டாம் வருஷம்தான் சேர முடியும், வாண்டர்பில்ட்டில் ஜனவரியில். ரைஸ், வில்லியம்ஸ், நோட்டர் டேம் போன்ற இடங்களில் இந்த அமைப்பே கிடையாது, யாரும் நண்பர்கள் இல்லாமல் வாடவும் இல்லை. ஆனால் ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அலபாமா மாதிரி ஊரில் பெண்கள் முதல் வாரத்திலேயே பெருங்கூட்டமாகச் சேர்ந்துவிடுகிறார்கள். அங்கே தள்ளிப்போட்டால் அடுத்த வருஷம் இரண்டாமாண்டு மாணவிகளை எடுக்கும் இடங்கள் குறைவு. டாலஸ் அம்மாவுக்கு "ஜனவரியில் பார்க்கலாம்" என்ற வழி சரிப்படாது.

டாலஸ் அம்மா | 15 ஆகஸ்ட்

மூன்றாம் நாள். ஃபோனில் அழுகை. இரண்டு வீடுதான் மிச்சம், இரண்டும் "யாரும் விரும்பாத வீடு" என்கிறாள். விலகிக்கொள்ளச் சொல்லலாமா?

வைகை | 15 ஆகஸ்ட்

இன்றைக்கு எதையும் முடிவு செய்ய விடாதீர்கள். நாளைச் சுற்றுக்குப் போகட்டும். போனால் ஒன்றும் கட்டுப்படாது, கட்டுப்படுவது கடைசிக் கையெழுத்தில்தான். வீடுகளின் "தரவரிசை" அங்கே இருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் பேச்சு. அந்த இரண்டு வீட்டில் யாரோடு பேசும்போது நேரம் போனது தெரியவில்லை என்று மட்டும் கேளுங்கள். ஒருவர்கூட இல்லை என்றால் கையெழுத்துக்கு முன் விலகுவதில் தப்பில்லை. வாரம் முடிந்தபின் இடம் நிரம்பாத வீடுகள் தனித்தனியாக அழைப்பு விடுக்கும், அதற்கு அப்போதும் தகுதி இருக்கும். நீங்கள் கிரீக் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு ஏன் எடுக்கவில்லை என்று கேட்க வேண்டாம். காரணம் சொல்ல மாட்டார்கள், பிள்ளைக்குத்தான் சங்கடம்.

நெய்தல் | 12 ஜனவரி 2026

இழையை மேலே கொண்டுவருகிறேன், புது விஷயம் இருக்கிறது. 2024 டிசம்பரில் கையெழுத்தான ஸ்டாப் கேம்பஸ் ஹேசிங் சட்டப்படி, பல்கலைகள் ஹேசிங் தீர்ப்புகளைப் பொது அறிக்கையாக வலைத்தளத்தில் போட வேண்டும். முதல் கெடு 2025 டிசம்பர் 23. பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை புதுப்பிக்க வேண்டும். அமைப்பின் பெயர், நடந்தது என்ன, மது அல்லது போதைப்பொருள் இருந்ததா, தண்டனை, தேதிகள் எல்லாம் இருக்க வேண்டும். இனி "கேள்விப்பட்டேன்" என்ற பேச்சுக்குத் தேவை குறைவு.

படிக்கும்போது கவனம். அறிக்கையில் இருப்பவை விசாரணை முடிந்து உறுதியானவை மட்டும். நடந்துகொண்டிருக்கும் விசாரணை அதில் வராது. ஒரு தீர்ப்பும் இல்லாத பல்கலை அறிக்கை போட வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால் வெறும் பக்கத்தைப் பார்த்து நிம்மதி அடையாமல், கிரீக் அலுவலகத்தின் "அங்கீகரித்த அமைப்புகள்" பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கீகாரம் இழந்த சாப்டர் வேறு பெயரில், வளாகத்துக்கு வெளியே வீடு எடுத்து ரஷ் நடத்துவதுண்டு. பட்டியலில் இல்லாத பெயர் பிட் கொடுத்தால் வாங்கவே கூடாது.

டாலஸ் அம்மா | 20 ஜனவரி

அந்த இரண்டில் ஒன்றில்தான் சேர்ந்தாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். அவள் அறைத்தோழி வேறு வீட்டில் சேர்ந்து, இப்போது விலக நினைக்கிறாள். எப்படி விலகுவது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கொள்ளிடம் | 21 ஜனவரி

வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு வெளியேறினால் பில் வந்துகொண்டே இருக்கும். தலைவிக்கும் உறுப்பினர் பொறுப்பாளருக்கும் மின்னஞ்சல் எழுதி, தேசியத் தலைமையகத்துக்கு நகல் அனுப்ப வேண்டும். விலகும் தேதியைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். பேட்ஜ் பெரும்பாலும் அமைப்பின் சொத்து, திருப்பிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். இறுதிக் கணக்கை எழுத்தில் கேட்டு, கட்டி முடித்ததற்குச் சான்று வாங்கி வைக்க வேண்டும், பாக்கி இருந்தால் வசூல் ஏஜென்சிக்குப் போய் கிரெடிட்டில் விழும். வீட்டு வாடகை ஒப்பந்தம் தனி. உறுப்பினர் பொறுப்பு முடிந்தாலும் அது வருஷக் கடைசி வரை ஓடும், தனக்குப் பதில் ஒருவரைக் கொண்டுவர அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சடங்கு இன்னும் முடியவில்லை என்றால் அதற்கு முன் விலகுவது நல்லது. அடுத்த ரஷ்ஷில் வேறு வீட்டுக்கு முயலும் வழி திறந்திருக்கும்.